உப்பு பார்க்காத சமையல்

மரக்காணம் உப்பளக் கரையிலும் வானூர்ச் செம்மண் ஊர்களிலும் புரட்டாசிச் சனிக்கிழமைப் படையல்

படையலுக்குச் சமைக்கிறவர் ஒரு சொட்டுக் குழம்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. சாமிக்கு முன்னால் மனித வாய் அதில் படக் கூடாது என்பது கட்டு. விடியற்காலையில் தலைக்குக் குளித்து, ஒருபொழுது இருந்து, பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களை இருபது முப்பது பேருக்குச் சமைத்து இறக்க வேண்டும். எதிலும் உப்பு பார்க்கக் கூடாது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில், அதிலும் மூன்றாம் சனிக்கிழமையில், விழுப்புரம் மாவட்டத்து வானூர், மரக்காணம் பக்கம் பெருமாளுக்குப் படைக்கும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு வந்து சேர்வார்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகன்கள் வெள்ளி இரவே பஸ் ஏறிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் சமையல் திறமை பற்றிப் பேச்சு வந்தால் கல்யாணப் பந்தியைச் சொல்வோம், செட்டிநாட்டைச் சொல்வோம். இந்தக் கடலோரத்து அடுப்படிகளை யாரும் சொல்வதில்லை. மீன், கருவாடு, இறால், நண்டு என்று வருஷம் முழுக்கக் கடலை நம்பிச் சமைக்கும் கைகள், கவுச்சி வாடையே இல்லாமல் ஒரு முழு விருந்தைச் சமைத்துப் போடுகின்றன. அந்த இலையில் எதுவும் எதற்கும் பதிலாக வருவதில்லை. பூசணி பூசணியாகவே வருகிறது, காராமணி காராமணியாகவே வருகிறது. செடிகொடியிலிருந்து வரும் உணவைப் பற்றி உலகமெங்கும் பேச்சாக இருக்கும் காலத்தில், நம் பக்கத்திலேயே நிறைவாக இருக்கும் இந்தச் சமையலைப் பற்றி எழுதாமல் விடுவது நியாயமாகப் படவில்லை.

வானூர் மேட்டு நிலம். செம்மண்ணில் முந்திரித் தோப்பும் சவுக்கும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் தர்பூசணியும். கிழக்கே இறங்கினால் கழுவெளி. கடல் நீரும் மழை நீரும் கலக்கும் பெரிய நீர்ப்பரப்பு. 2021 டிசம்பரில் இதில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. அதைத் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். அப்புறம் கடல். கூனிமேடு, அனுமந்தை, எக்கியார்குப்பம் என்று மாவட்டத்தின் மீனவ ஊர்கள் கரையோரமாக வரிசையாக இருக்கின்றன.

புரட்டாசி இங்கே உப்புக்கும் கடைசி மாதம். தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து தண்ணீர் கட்ட ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை உப்பு வாருவார்கள். கடல் நீரின் அடர்த்தியைப் போமே மானியில் பார்த்தால் 3 டிகிரிக்குச் சற்று மேலே காட்டும். வெயில் குடித்துக் குடித்து அது 25 டிகிரிக்கு வரும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். 30ஐத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசக்கும். பழகிய தொழிலாளிக்கு மானி தேவைப்படாது. தண்ணீரின் நிறத்தையும் மேலே படரும் ஆடையையும் பார்த்தே, இன்றைக்கு வாரலாமா நாளைக்கா என்று சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை வரை அளத்தில் கூடை சுமந்துவிட்டுச் சனிக்கிழமை விடியலில் படையல் அடுப்பைப் பற்றவைக்கும் பெண்கள் இந்த ஊர்களில் உண்டு. கண்ணாலேயே உப்பை அறிவது அவர்களுக்குப் பிழைப்பு.

இந்த மண்ணின் சாப்பாட்டைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சாட்சி சிறுபாணாற்றுப்படை. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். நூலில் வரும் கிடங்கிலைத் திண்டிவனம் என்றும், எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். பரிசு தேடிப் போகும் பாணனுக்கு வழியில் எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார். எயிற்பட்டினத்தில் சுட்ட குழல் மீன். வேலூரில் புளி போட்ட சோறும் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். அரண்மனையிலோ வீமன் எழுதிய சமையல் நூலில் இருந்து வழுவாமல் சமைத்த விருந்து. உப்பு வண்டி ஓட்டும் உமணர்களும் வருகிறார்கள். வண்டியோடு கூடவே வந்த குரங்கு அவர்கள் குழந்தைகளோடு விளையாடுகிறது.

இத்தனை பண்டங்களுக்கும் நடுவே ஒரு வறண்ட அடுப்படி இருக்கிறது. கூரைக் கழிகள் சரிந்த பழஞ்சுவர், கறையான் அரித்த மண்ணில் முளைத்த காளான், குட்டி போட்டுப் பால் வற்றிக் குரைக்கும் நாய். கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டும் குடும்பத்துப் பெண், குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, போட உப்பில்லாமல் அவிக்கிறாள். ஊரார் கண்ணில் படக் கூசிக் கதவை அடைத்துக்கொண்டு, பெரிய சுற்றத்தோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். உமணர் வண்டி போகும் நாட்டில், உப்பு விளையும் கரையில், அவள் பானைக்கு உப்பில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று இன்றும் சொல்கிறோம். அவளுக்குப் பண்டமே குப்பையிலிருந்துதான் கிடைத்தது.

சைவச் சாப்பாடு என்றாலே வசதிப்பட்டவர் சாப்பாடு, மேல்சாதிச் சாப்பாடு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்க வேண்டும். இந்தக் கரையில் கீரையும் கிழங்கும் ஏழைப் பெண்ணின் கைப்பொருளாகவே தொடங்கின. அவள் கிள்ளிய செடி, நல்வேளை என்றும் தைவேளை என்றும் வேலியோரங்களில் இன்றும் முளைக்கிறது. நாம் களை என்று பிடுங்கிப் போடுகிறோம். கென்யாவில் அதே செடியைப் பயிரிட்டுச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

படையல் வேலை வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிடும். கவுச்சி புழங்கிய சட்டிகள் வெளியே போகும். வீடு கழுவி, அடுப்பு மெழுகி, பரண்மேல் இருக்கும் பித்தளைப் பாத்திரங்கள் புளி போட்டுத் துலக்கப்படும். கொண்டைக்கடலையும் காராமணியும் இரவே ஊறும். மாவிளக்குக்குப் பச்சரிசி தனியாக ஊறும். பூசணி, பரங்கி, கத்தரி, அவரை, முருங்கை, வாழைக்காய், கொத்தவரை, கருணை, சேம்பு என்று காய்கள் முறத்தில் குவியும். வெங்காயமும் பூண்டும் பல வீடுகளில் அன்று கிடையாது. அவை கொடுக்கும் ருசியைப் பெருங்காயமும் மிளகும் வறுத்தரைத்த தனியாவும் தேங்காயும் கொண்டுவர வேண்டும்.

இனி உப்பு. தூள் உப்பைக் கரண்டியால் அளக்கலாம். கல் உப்பைக் கைதான் அளக்கும். படையல் சமையலில் எவ்வளவு போடுவது என்பதைவிட எப்போது போடுவது என்பதில் சாமர்த்தியம் இருக்கிறது. பருப்பு மலர்ந்து வேகும்வரை அதில் உப்பு விழாது. விழுந்தால் வேக நேரம் இழுக்கும் என்பார்கள். சாம்பாருக்குப் புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசம் அடங்கியதும் உப்பு. முருங்கைக்கீரையில் ஏமாறாதவர்கள் குறைவு. சட்டியில் மலையாகக் குவிந்திருப்பதைப் பார்த்து உப்பை அள்ளிப் போட்டால், வெந்து ஒரு கைப்பிடியாக ஒடுங்கியபின் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். அதனால் கீரை சுருண்டபிறகே கை உப்புப் பானைக்குப் போகும். பூசணிக்காய் தானே தண்ணீர் விடும் காய். முன்னாலேயே உப்பு போட்டால் குழைந்து கூழாகிவிடும். வடை மாவை ஆட்டி எடுத்து, எண்ணெய் காய்ந்து, தட்டப்போகும் நேரத்தில்தான் உப்பு சேர்க்க வேண்டும். சீக்கிரம் சேர்த்தால் மாவு நீர்த்துப்போய் எண்ணெயைக் குடிக்கும். சுண்டலுக்கு வேகும்போது போடும் உப்பில் ஒரு பங்கு வடிக்கிற தண்ணீரோடு போய்விடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நாக்குக்குப் பதில் மூக்கு வேலை செய்கிறது. கொதிக்கும் குழம்பில் உப்பு குறைந்தால் புளி வாசம் தனித்து முன்னால் வரும், சரியாக இருந்தால் எல்லாம் ஒன்றாகி ஒரு வாசமாக எழும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். நான் இதை நம்புகிறேன். உப்பு பார்க்காமல் சமைத்த படையலை இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லாருமே நம்புவார்கள். அப்படியும் கொஞ்சம் முன்பின் ஆனால் தாங்கிக்கொள்ளச் சோறு இருக்கிறது. அதில் உப்பு போடுவதில்லை. இலையின் மூலையில் ஒரு சிட்டிகை உப்பும் வைக்கிறார்களே, அதுவும் அதற்குத்தான்.

மல்லாட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அது இந்தச் சமையலின் முதுகெலும்பு. எண்ணெய் அதிலிருந்து. வறுத்து இடித்த பொடி பொரியல் மேல். காய்ந்த மிளகாயும் புளியும் வைத்து அரைத்த துவையல், மாலையில் அவித்த காய் என்று எல்லாவற்றிலும் அது உண்டு. 100 கிராம் மல்லாட்டையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. கறியும் மீனும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சத்துக்கு எங்கே போவது என்று கவலைப்படுகிறவர்களுக்கு, இதோடு காராமணியையும் கொண்டைக்கடலையையும் துவரம்பருப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பதில் கிடைத்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் சுற்றுவட்டார மல்லாட்டை புதுச்சேரித் துறையிலிருந்து மார்செய் நகருக்குக் கப்பலேறியது. அங்கே ஆட்டி எண்ணெயும் சோப்பும் செய்தார்கள். பக்கத்துத் திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்களை நாட்டின் பல பகுதி விவசாயிகள் விதைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு அன்று வேறு வேலை. நெற்றியில் நாமம் இட்டு, நாமம் போட்ட பித்தளைச் சொம்பை ஏந்தி, கோவிந்தா கோவிந்தா என்று வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி வருவார்கள். வீட்டில் மூட்டை அரிசி இருந்தாலும் இந்தப் பிச்சை அரிசியையும் உலையில் சேர்க்க வேண்டும். ஊரின் எல்லா வீட்டு அரிசியும் ஒரு பானையில் வேகிறது. இதைவிட நல்ல வழக்கம் நம் ஊர்களில் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எல்லாத் தெருவுக்கும் போனால்தான் அது எல்லா வீட்டு அரிசி. சாதி பார்த்துத் தெருவைத் தவிர்க்கும் சொம்பில் அந்தப் பொருள் இல்லை.

சாதியைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் சைவச் சாப்பாட்டைப் பற்றி எழுத முடியாது. கறி, மீன் தின்பதை இழிவாகப் பேசி, அதை வைத்தே வாடகைக்கு வீடு மறுக்கும் வழக்கம் நகரங்களில் இன்றும் இருக்கிறது. புரட்டாசிப் படையல் அந்த மனப்பான்மையைச் சேர்ந்ததில்லை. இதைச் சமைப்பவர்கள் ஐப்பசி பிறந்ததும் மீன் குழம்பு வைக்கப்போகிறவர்கள். சிலர் மாதம் முழுக்க விடுவார்கள், சிலர் சனிக்கிழமைக்கு மட்டும். தீபாவளிக்கு ஆட்டுக்கறி எடுப்பார்கள். தின்பதில் வெட்கமும் இல்லை, விடுவதில் பெருமையும் இல்லை. எத்தியோப்பியாவின் பழைய கிறித்தவ சபையினரிடம் இதே போக்கைப் பார்க்கலாம். ஆண்டில் 180 நாளுக்கு மேல் அவர்களுக்கு நோன்பு. அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. மற்ற நாட்களில் கறி உண்டு. பருப்பும் கொண்டைக்கடலை மாவும் கீரையும் குழம்புகளாகி, பெரிய புளித்த தோசை போன்ற இன்ஜெராவின்மேல் பரிமாறப்பட, குடும்பமே ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும். சென்னை ஓட்டல்களில் இத்தாலிய உணவு கிடைக்கும் அளவுக்கு இது கிடைக்காதது நமக்கு நஷ்டம்.

எத்தியோப்பிய நோன்புக்கும் நம் படையலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் பாலை விடுவதில்லை. பாயாசத்தில் பால், சர்க்கரைப் பொங்கலில் நெய், கடைசியில் தயிர். இப்போது வெளியூரில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகளில் சிலர் வீகன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். பால், தயிர், நெய்யும் தொடமாட்டோம் என்கிறார்கள். பாட்டிக்கு மனம் வருந்துகிறது. பெருமாளுக்குப் படைத்ததை வேண்டாம் என்பதா என்று வீட்டில் பேச்சு வளர்கிறது. பேச்சு வளரவே வேண்டியதில்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் பாட்டியின் கைச்சமையலிலேயே அதற்கு வழி இருக்கிறது.

பாசிப்பருப்புப் பாயாசத்துக்குப் பசும்பால் தேவையே இல்லை. பருப்பை வாசம் வர வறுத்து, குழைய வேகவைத்து, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, தேங்காயின் இரண்டாம் பாலை விட்டுக் கொதிக்கவிட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கியபின் கெட்டியான முதல் பால். அதைக் கொதிக்க விட்டால் திரிந்துபோகும். ஏலக்காய், சுக்கு. வானூர் முந்திரியைத் தேங்காயெண்ணெயில் சிவக்க வறுத்து மேலே போட்டால் நெய்யை யாரும் தேட மாட்டார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே முறைதான். தயிர் மட்டும் சிரமம். மல்லாட்டையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துப் பாலெடுத்து, காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால் தோய்ந்துவிடும். பசுந்தயிரின் ருசி அதில் வராது. தாளித்து இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டுச் சோற்றில் பிசைந்தால் அதற்கென்று ஒரு ருசி உண்டு.

இந்த முறைகளைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். வானூர் வட்டத்துக்குள்ளேயே, 1968இல் தொடங்கிய ஆரோவில்லில், டாக்டர் நந்திதா ஷா நிறுவிய ஷரண் அமைப்பு 2005 முதல் பாலில்லாச் சமையலைக் கற்றுக்கொடுத்து வருகிறது. அதே ஆரோவில்லின் சூரியச் சமையலறைக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் அசைவதில்லை, உள்பக்கத்துக் கண்ணாடிகள் வெயிலைக் குவிக்க, வெப்பம் வாங்கும் குழாய் மட்டும் சூரியனோடு நகர்கிறது. அதில் உண்டாகும் நீராவியில், வானம் தெளிவாக இருக்கும் நாளில், ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம். உப்பு எடுப்பதும் அதே வெயிலில்தான். சுற்றியுள்ள ஊர்களின் பெண்கள் பலர் ஆரோவில் சமையலறைகளில் வேலை பார்க்கிறார்கள். அங்கே கற்றது வீட்டுக்கும், வீட்டில் தெரிந்தது அங்கேயும் போக வேண்டும். உப்பு பார்க்காமல் முப்பது பேருக்குச் சமைக்கத் தெரிந்தவரை அந்தச் சமையலறைகள் ஆசிரியராக நிற்கவைத்துப் பாடம் கேட்கலாம்.

இன்னொரு செடியும் இலைக்கு வரலாம் என்று ஆசைப்படுகிறேன். உப்பளக் கரைகளிலும் கழிமுகச் சேற்றிலும் உமரி தானாக வளர்கிறது. உடம்பிலேயே உப்பைச் சேர்த்துவைத்திருக்கும் செடி. உமரிக்கீரையை ஒரு கொதி கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, மிளகாய் தாளித்துத் தேங்காய் தூவினால் போதும், உப்பு சேர்க்க வேண்டாம். கடலோரத்துப் பழைய ஆட்களுக்குத் தெரிந்த கீரை இது, சந்தைக்கு வருவதில்லை. இதன் உறவுச் செடி ஒன்றை ஐரோப்பாவில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உமரி வகையிலிருந்தே சமையல் உப்பு எடுத்துக் காப்புரிமையும் பெற்றிருக்கிறது.

விருந்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புரட்டாசியில் மீன் விலை இறங்கும். கடலுக்குப் போய்வரும் டீசல் செலவு இறங்காது. குப்பங்களில் கையிருப்பு கரையும் மாதம் அது. உப்பளத்திலும் மழை இறங்கியதும் வேலை நின்று, தைவரை கூலி இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது, அளங்கள் நீரில் மூழ்கின. மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு ரூ.5,000 நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? படையல் அன்று கடன் வாங்கிக் காய் வாங்கும் வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் பதினோரு பதார்த்தம் வைக்க வேண்டும் என்று எந்தப் பெருமாளும் கேட்கவில்லை. ஒரு குழம்பு, ஒரு கீரை, ஒரு சுண்டல், சோறு போதும்.

உழைப்பும் அப்படித்தான் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கிறது. ஆண்கள் இலை அறுக்கிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள். மீதி எல்லாம் பெண்கள் தலையில். வாரம் முழுக்க அளத்திலோ வயலிலோ நின்றவர்கள், பட்டினியோடு பன்னிரண்டு மணி நேரம் அடுப்பில் வேகிறார்கள். பூசணி நறுக்கவும், தேங்காய் துருவவும், மாவிளக்கு மாவு இடிக்கவும், எண்ணெய்ச் சட்டியருகே நின்று வடை எடுக்கவும் மகன்களுக்கும் மருமகன்களுக்கும் கையிருக்கிறது. வெள்ளி இரவே வந்து இறங்குகிறவர்கள்தானே? தீபாராதனை முடிந்து இலை போட்டதும் சமைத்தவர்களை முதல் பந்தியில் உட்காரவையுங்கள். வடை சூடாக இருக்கும்போதே அவர்கள் இலையில் வையுங்கள். பரிமாறி முடித்து நீங்கள் இரண்டாம் பந்தியில் உட்காரலாம்.